கிட்டார் சத்தம் கெட்டால் எங்கிருந்து தேடுவது?

மேடையில் கிட்டார் சத்தம் கெட்டால் பழி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) தலையில்தான் விழும். அடுத்த வாரமே புது ஆம்ப் என்ன விலை, எந்த பெடல் (காலால் தட்டிச் சத்தத்தின் குணத்தை மாற்றும் பெட்டி) வாங்கலாம் என்று விசாரணை தொடங்கிவிடும். ஆனால் கோளாறு பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிற இடத்தில்தான் இருக்கும்: உள்ளே ஒயர் அறுந்த கேபிள், தளர்ந்த ஜாக், எர்த் வராத பிளக் பாயின்ட், தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரி. பல நேரம் கோளாறே இருக்காது. வீட்டில் தனியாக வாசித்தபோது பிடித்துப்போன டோனை அப்படியே மேடைக்குத் தூக்கி வந்திருப்பார்கள்.

சர்ச் பாடகர் குழு, மெல்லிசைக் குழு, கல்லூரி பேண்டு என்று எங்காவது புதிதாகக் கேபிள் செருகி வாசிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சால்டரிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரும், நன்றாக வேலை செய்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு கேபிளும் கையில் இருந்தால் போதும்.

தேடும் முறை

கம்பி அதிர, அதன் கீழே இருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மிகச் சிறிய மின்சாரமாக மாற்றுகிறது. அது கிட்டாரின் வால்யூம், டோன் குமிழ்களைத் தாண்டி ஜாக், கேபிள், பெடல்கள், ஆம்ப்பின் முதல் கட்டமான பிரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என்று வரிசையாகப் போகிறது. ஸ்பீக்கரோடு முடிந்துவிடுவதும் இல்லை. அறை, மேடைப் பலகை, நீங்கள் நிற்கிற இடம் எல்லாமே அந்த வரிசையில் சேர்த்திதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, பிளக் பாயின்ட்டையும் மாற்றி, கெயினையும் (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) குறைத்தால் சத்தம் சரியாகிவிடலாம். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த நிகழ்ச்சியில் திரும்ப வரும். நான் சொல்லும் வரிசை இது:

1. பெடல்கள் அத்தனையையும் விட்டுவிட்டு, கிட்டாரிலிருந்து ஒரே கேபிளில் நேராக ஆம்ப்புக்கு வாருங்கள். கோளாறு போய்விட்டால் அது பெடல்களிலோ அவற்றின் அடாப்டரிலோ இருக்கிறது.

2. போகவில்லையா, அந்த நம்பகமான கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

3. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிட்டாருக்குள்ளிருந்து, பெரும்பாலும் பிக்கப் வழியாக, வருகிறது.

4. அப்போதும் நிற்காவிட்டால் கேபிளை ஆம்ப்பிலிருந்து உருவிவிடுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் கேபிள் இல்லாதபோது இன்புட் தானாகவே எர்த்தோடு சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகும் இரைச்சல் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது ஆம்ப்பை அல்லது அந்த இடத்தின் கரன்டை.

இந்த நாலு சோதனையும் செய்து முடிக்க ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமலேயே ஆம்ப்பை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

இதில் அடங்காத ஒரு கோளாறு உண்டு. சத்தம் திடீரென்று பாதியாகக் குறையும், அப்புறம் தானே வரும், ஆம்ப்பைத் தட்டினால் சரியாகும். ஆம்ப்பின் பின்னால் செண்ட், ரிட்டர்ன் என்று (பெடல்களை ஆம்ப்பின் நடுவில் இணைப்பதற்கான) இரண்டு ஜாக் இருந்தால் ஒரு குட்டி கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுசாகத் திரும்பினால் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் தகடு அழுக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஜாக்கை யாரும் பயன்படுத்துவதே இல்லை, அதனால்தான் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி உருவினால் போதும். அதுவரை அந்தக் குட்டி கேபிளோடே வாசிக்கலாம்.

ஷாக்

இரைச்சலுக்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருக்கும்வரை அது பாதுகாப்பு. எர்த் இல்லாமல், ஆம்ப்புக்குள் கரன்ட் கசிவும் இருந்தால், அதே கம்பி உங்கள் விரலுக்குக் கரன்டைக் கொண்டுவரும். கை கம்பியில், உதடு மைக்கில் என்பது மிக மோசமான நிலை. கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும். 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரத்தில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பழைய பாடகர் கீத் ரெல்ஃப் எர்த் சரியில்லாத எலக்ட்ரிக் கிட்டாரை வாசித்தபோது தன் வீட்டிலேயே இறந்தார்.

நம் ஊர் மண்டபங்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பது. இன்னொன்று, எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒயரை வெட்டிவிடுவது. இரைச்சல் போகத்தான் போகும். ஆனால் அன்றிலிருந்து எர்த்தாக வேலை செய்யப்போவது நீங்கள்.

மைக்கில் பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையைப் பாடுகிற மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். பத்து, இருபது, நூறு என்று காட்டினால் தொடாதீர்கள், சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சி என்றால் கரன்ட் மாறிய பிறகு மறுபடியும் பாருங்கள். எல்லோருக்கும் அவசரமாக இருக்கும், முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இரைச்சலின் வகைகள்

இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல. காது கொடுத்துக் கேட்டால் அதுவே எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் ‘ம்ம்ம்’ என்ற கனமான முனகல் 50 ஹெர்ட்ஸில் வரும். கொஞ்சம் கூர்மையான ‘ஜ்ஜ்ஜ்’ 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். பேஸ் கிட்டாரின் ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் அதே மூன்றாவது ஃபிரெட் 98 ஹெர்ட்ஸ். முனகலோடு அந்த இரண்டு ஜியையும் வாசித்து ஒப்பிட்டுப் பாருங்கள். கீழ் ஜியோடு ஒட்டினால் எர்த் சுற்றலோ (கீழே விளக்குகிறேன்) பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா வால்யூமையும் குறைத்த பிறகும் மேல் ஜியில் முரலுகிறது என்றால் ஆம்ப்புக்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகியிருக்கலாம். அது டெக்னீஷியன் வேலை.

சரி, வால்யூமைப் பூஜ்யமாக்கினால் இரைச்சல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சில திசைகளில் இரைச்சல் கூடி, சில திசைகளில் கிட்டத்தட்ட மறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம். ஒற்றைச் சுருள் என்பதால் சுற்றியிருக்கும் மின்காந்த அலையை ஆன்டெனாவாக இருந்து வாங்கிக்கொள்கிறது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது இதைத் தீர்ப்பதற்காகத்தான். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களும் வாங்கும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் மிஞ்சும்.

உங்களிடம் இருப்பது சிங்கிள் காயில் என்றால் மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார்கள் பலவற்றில் இரண்டாவது, நாலாவது சுவிட்ச் நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஹம்பக்கராகவே வேலை செய்யும். ஜாஸ் பேஸ் என்ற, இரண்டு பிக்கப் உள்ள பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்கள் இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் முனகல் மறைந்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலே திரும்ப வரும். மற்றபடி ஆம்ப்பிலிருந்து சில அடி தள்ளி நிற்பது, இரைச்சல் அடங்குகிற திசையைப் பார்த்துத் திரும்பி நிற்பது எல்லாம் காசில்லாத வைத்தியம்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது என்று பலர் பயந்து கேட்பார்கள். அது கோளாறு இல்லை. உங்கள் உடம்பு வாங்கும் இரைச்சல் கம்பி வழியாக எர்த்துக்குப் போகிறது, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு நிலைகளில். கம்பியைத் தொட்டால் குறையாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. தொட்டவுடன் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அண்மையில் யாராவது கிட்டாரைத் திறந்தார்களா என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வரும் இரைச்சலும் உண்டு. படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழலும் மின்னணு ஃபேன் ரெகுலேட்டர், மேடை விளக்குகளின் டிம்மர், மலிவான எல்இடி சீரியல் செட், போன் சார்ஜர் எல்லாம் ‘ஜ்ஜ்ஜ்’ கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். திருமண மண்டபத்தில் சீரியல் செட்டை அணைக்கச் சொல்ல முடியாது, உண்மைதான். அதே லைனில் கரன்ட் எடுக்காமல் வேறு பாயின்ட் கேட்கலாம். போன் சட்டைப் பையிலோ ஆம்ப் மேலோ இருந்தால் சில நேரம் ‘டிடிக் டிடிக்’ என்று துடிக்கும். எடுத்துத் தள்ளி வையுங்கள்.

இன்னும் ஒரு வகை: தனியாக வாசிக்கும்போது அமைதியாக இருக்கும் ஆம்ப், சவுண்ட் சிஸ்டத்தின் மிக்சரோடு இணைத்ததும் முனகும். ஆம்ப் ஒரு பாயின்ட்டில், மிக்சர் வேறு பாயின்ட்டில் எர்த் ஆகியிருப்பதால் கேபிளின் ஷீல்டு (உள்ளே ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாக ஒரு சுற்று உண்டாகிவிட்டது. எர்த் சுற்றல் என்பது இதுதான். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், கரன்டின் எர்த்தைத் தொடாது. அதனால் பயமில்லை.

நாய்ஸ் கேட் பெடல் பற்றிக் கேட்பார்கள். அதிக டிஸ்டார்ஷனில் (வேண்டுமென்றே கரடுமுரடாக்கிய சத்தத்தில்) வாசிக்கிறவர்களுக்கு அது வேண்டியதுதான். மற்றவர்களுக்கு அது கோளாறை மறைக்கும் திரை. வாசிக்காதபோது அமைதி, வாசிக்கும்போது இரைச்சல் கூடவே வரும்.

கரகரப்பும் விட்டு விட்டு வரும் சத்தமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரவென்றால் குமிழின் உள்ளே தூசி. காண்டாக்ட் கிளீனரைக் குமிழுக்குள் இறங்கும்படி அடித்து, இருபது முப்பது முறை முழுசாகத் திருகுங்கள். கேபிளை அசைத்தால் சத்தம் வந்து போனால், பிளக்கை ஒட்டிய இடத்தில் அசைத்துப் பாருங்கள், கேபிள் பெரும்பாலும் அங்கேதான் அறும். பிளக்கைச் செருகியும் ஆடினால் ஜாக்கின் நட்டை இறுக்குங்கள். ஜாக் கூடவே சுற்றிவிடாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கி அறுந்துபோகும். சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கடல் காற்றில் ஜாக்கும் பிளக்கும் சீக்கிரம் கறுத்துவிடும். துணியில் கிளீனர் நனைத்து மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

சில ஸ்வரங்களுக்கு மட்டும் ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் முதலில் ஆம்ப்பை அணைத்துவிட்டு அதே ஸ்வரத்தை வாசியுங்கள். அப்போதும் கேட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது, ஆம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆம்ப்பில்தான் என்றால் முன் வலை, பின் பலகை, கைப்பிடி, திருகுகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வாசியுங்கள். டிரம்ஸின் ஸ்னேர் கம்பிகளும் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து அதிரும். அதை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதன் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்றால் காயில் அறுந்துவிடவில்லை. கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் வால்வ் ஆம்ப்பாக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

பெடல்களும் அடாப்டர்களும்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடுவில் மைனஸ். வீட்டில் கிடக்கும் ஏதோ 9 வோல்ட் அடாப்டரைச் செருகுவதற்கு முன் அதன் மேலிருக்கும் சின்னத்தைப் பாருங்கள், சாதாரண அடாப்டர்கள் பலவற்றில் நடுவில் பிளஸ் இருக்கும். பழைய வகை டிஸ்டார்ஷன் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப், மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல்கள் அடங்கிய ஒரே பெட்டி) 300, 500 என்று கேட்கும். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலைத் தொங்கவிட்டு அதில் ஒன்று டிஜிட்டலாக இருந்தால் ‘கீ...’ என்ற மெல்லிய சீழ்க்கை வரும். சோதிப்பது எளிது: சந்தேகப்படும் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். சீழ்க்கை நின்றால் குற்றவாளி அடாப்டர். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைதான் நிரந்தரத் தீர்வு, விலை அதிகம்தான்.

மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதை ஆம்ப்பில் செருகினால் கேபினட் சிமுலேஷனை (கிட்டார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். நேராக மிக்சருக்குப் போனால் கட்டாயம் ஆன் செய்யுங்கள். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் குறைந்துவிடும், டிஸ்டார்ஷன் சத்தம் காதுக்கு இனிமையாக இருப்பதே அதனால்தான். சவுண்ட் சிஸ்டத்தின் ஸ்பீக்கர் 15,000, 18,000 வரை போகும். சிமுலேஷன் இல்லாமல் அதில் விட்டால் தகரத்தில் மணல் கொட்டுகிற சத்தம்தான்.

டோன்: வீடு வேறு, மேடை வேறு

இனி நல்ல சத்தம் பற்றி. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது மனிதக் காதுக்குக் கீழ் ஒலியும் மிக மேல் ஒலியும் குறைவாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து 1933இலேயே வெளியிட்டார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் கீழ் ஒலிக்கான பேஸையும் மேல் ஒலிக்கான ட்ரெபிளையும் கூட்டி, நடு ஒலிக்கான மிட்டைக் குறைப்பார்கள். தனியாகக் கேட்கப் பிரமாதமாக இருக்கும். அதே செட்டிங்கில் மேடையில் சத்தத்தைக் கூட்டினால் கீழே குமுறும், மேலே காதைக் குத்தும், நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த நடுவில்தான் கிட்டார் குடியிருக்கிறது. தோராயமாக 400லிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை.

எனவே மேடைக்கு வந்ததும் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பாட்டில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது பேஸ் குமிழைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், கிட்டார் மெலிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நிறுத்தி ஒரு பொட்டு ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அது மெலிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கின்றன, உங்களுக்கு அங்கே வேலையில்லை. அடுத்து மிட்டைக் கூட்டுங்கள், கடைசியாக ட்ரெபிள். ஃபெண்டர் வகை ஆம்ப்களில் எல்லாக் குமிழும் நடுவில் இருந்தாலும் மிட் குழிந்தே இருக்கும். அவற்றில் தயங்காமல் மிட்டை ஏற்றலாம்.

டிஸ்டார்ஷன் கெயினும் அப்படித்தான். சத்தமாக வாசிக்கும்போது வீட்டில் வைத்ததில் பாதி போதும். கெயின் கூடக் கூட இரைச்சலும் கூடும், கார்டுகள் குழைந்துபோகும், ஸ்பீக்கர் சத்தமே கிட்டாருக்குத் திரும்பிக் கிளப்பும் ஊளையும் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆம்ப் வைக்கும் இடத்துக்கு நான் கொடுக்கும் முக்கியத்துவத்தைப் பலர் கொடுப்பதில்லை. 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து மேல் ஒலி டார்ச் வெளிச்சமாக நேரே பாயும், பக்கவாட்டில் பரவாது. ஆம்ப் தரையில், நீங்கள் அதன் முன்னால் நிற்கிறீர்கள் என்றால் ட்ரெபிள் முழுவதும் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். ‘மந்தமாக இருக்கிறதே’ என்று ட்ரெபிளைக் கூட்டுவீர்கள்; முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்ப்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அதற்குப் பிறகு ட்ரெபிளைத் தொடுங்கள். மூலையில் வைத்தால் கீழ் ஒலி பெருகும், உள்ளே வெற்றாக இருக்கும் பலகை மேடையில் தரையோடு வைத்தால் மேடையே முரசாகும். நாற்காலி இதற்கும் உதவும்.

சத்தம் போதவில்லை என்று 50 வாட்டை விட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். காசைச் செலவழிப்பதற்கு முன் மிட் குமிழைத் திருகிப் பாருங்கள்.

கம்பி பழசாகி ஒலி மங்கியிருந்தால் எந்த ட்ரெபிளும் அதைத் திருப்பித் தராது. கம்பியை மாற்றிய பிறகும் தடித்த கம்பிகள் மட்டும் குழம்பிக் கேட்டால் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருக்கலாம். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரண சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம்.

பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார்காரர்களின் நிரந்தரப் புகார், ‘அதிர்வு வருகிறது, ஸ்வரம் கேட்கவில்லை.’ திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31. அவ்வளவு கீழே பெரும்பாலான ஸ்பீக்கர்கள் பாதிகூடத் தருவதில்லை. நாம் ஸ்வரமாக உணர்வது அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலே இருப்பவற்றையும் கேட்டுத்தான். பேஸ் குமிழைக் கூட்டினால் குமுறல் கூடும், மேளக்காரரின் இடது கைச் சத்தத்தோடு மோதும், ஸ்வரம் இன்னும் மறையும். 700லிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் கூட்டி, 200க்குப் பக்கத்தில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குழுவுக்கு நடுவே பேஸ் கிட்டார் திடீரென்று வாய் திறக்கும். இளையராஜா பாடல்களை மேடையில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாக ஓடும், கூட்டத்தில் அதைக் கேட்கவென்றே வந்தவர்கள் இருப்பார்கள்.

மெல்லிசைக் குழுவில் இன்னொரு சிக்கல், கீபோர்டுக்காரரின் இடது கை. அவரும் கீழ் ஸ்வரங்களைப் பிடித்தால் எவ்வளவு நல்ல ஆம்ப்பும் உதவாது. பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அது எந்தக் குமிழிலும் இல்லை.

கிட்டார் ஆம்ப்பில் பேஸ் கிட்டாரைச் செருகலாமா என்றால், வீட்டுப் பயிற்சிக்கு மெதுவாக வாசிக்கலாம். சத்தம் கூடினால் ஸ்பீக்கரின் கூம்பு தாங்காது. தலைகீழாக, பேஸ் ஆம்ப்பில் கிட்டார் வாசித்தால் ஒன்றும் ஆகாது. ஃபெண்டர் 1952இல் பேஸ் கிட்டாருக்கென்று கொண்டுவந்த பேஸ்மேன் ஆம்ப்பைக் கிட்டார்காரர்கள்தான் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். மார்ஷலின் முதல் ஆம்ப் அதன் சுற்றை ஒட்டித்தான் செய்யப்பட்டது.

பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸில் சத்தம் திடீரென்று பிளந்து கேட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடும் பழக்கம் வந்தால் பல மாதம் தாங்கும். பேஸ் கம்பிகளின் விலைக்குப் பயந்தவர்கள், மங்கிய கம்பிகளைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி மாட்டுவார்கள். அழுக்கும் எண்ணெயும் போய்ப் பளிச்சென்று கேட்கும், கொஞ்ச நாளைக்கு.

மிக்சருக்குப் போகும் கிட்டார், அக்கூஸ்டிக், ஊளை

சர்ச்சிலும் சிறு மண்டபத்திலும் ஆம்ப்பே இல்லாமல் நேராக மிக்சரில் செருகச் சொல்வார்கள். எலக்ட்ரிக் கிட்டாரையோ பேட்டரி இல்லாத பேஸையோ மிக்சரின் லைன் இன்புட்டில் செருகினால் மந்தமாகத்தான் கேட்கும். ஆம்ப்பின் இன்புட் ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும், மிக்சரின் லைன் இன்புட் பல நேரம் பத்துக் கிலோ ஓம் அளவுதான். பிக்கப் அந்தப் பாரத்தைத் தாங்காமல் மேல் ஒலியை இழக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டார்களில் வரும், பிரீஆம்ப் இல்லாத பீசோ பிக்கப் (அழுத்தத்தை மின்சாரமாக்கும் வகை) என்றால் நேர்மாறாகக் கீழ் ஒலி போய் ஒல்லியாகக் கேட்கும். இரண்டுக்கும் மருந்து டி.ஐ. பாக்ஸ், பீசோவுக்கு மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் வகை. மிக்சர் தூரத்தில் இருந்தாலும் இதே வழிதான். சாதாரண கிட்டார் கேபிளை ஆறு மீட்டருக்கு மேல் நீட்டினால் மேல் ஒலி கரையும், இரைச்சல் ஏறும். டி.ஐ. பாக்ஸிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். கேபிள் (மூன்று பின் மைக் கேபிள்) எத்தனை மீட்டர் போனாலும் கவலையில்லை.

அக்கூஸ்டிக் கிட்டாரின் பெரிய தலைவலி ஊளை. அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தானாக அதிரும். மானிட்டரிலிருந்து (மேடையில் உங்களை நோக்கி வைத்த ஸ்பீக்கர்) வரும் சத்தம் அதைத் தூண்ட, அது பிக்கப் வழியாகத் திரும்ப மானிட்டருக்குப் போக, ‘ஊ’ என்று கிளம்பிவிடும். வட்டத் துளையை மூடும் ரப்பர் மூடிதான் மிக மலிவான, மிக நன்றாக வேலை செய்யும் வழி. பிரீஆம்ப்பில் ஃபேஸ் என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள், சில அறைகளில் அதுவே போதும். நாட்ச் குமிழ் (ஒரு குறுகிய ஒலிப் பகுதியை மட்டும் குறைப்பது) இருந்தால் ஊளை வரும்வரை சத்தத்தைக் கூட்டி, ஊளை அடங்கும் இடத்தைத் திருகிக் கண்டுபிடித்து, அங்கே விட்டுவிட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். மானிட்டருக்கு முதுகைக் காட்டி நின்றால் உடம்பே கிட்டாருக்குத் தடுப்பாகும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

மாற்றிய ஃபியூஸ் உடனே போனால் மூன்றாவது ஃபியூஸ் போட்டுப் பார்க்காதீர்கள், பெரிய ஃபியூஸோ ஒயரோ வைக்கவே வைக்காதீர்கள். அணைத்துவிட்டு டெக்னீஷியனிடம் கொடுங்கள். ‘சவுண்ட் சரியில்லை’ என்று மட்டும் சொல்லி ஆம்ப்பை வைத்துவிட்டு வந்தால், அவர் கடையில் அது ஒழுங்காகவே பாடும். மேலே சொன்ன நாலு சோதனையில் எது வரை போனீர்கள், இரைச்சல் முனகலா முரலலா, வால்யூமோடு கூடுகிறதா, ஆன் செய்தவுடனா சூடான பிறகா, வேறு ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு தாளில் எழுதி ஆம்ப் மேல் ஒட்டிக் கொடுங்கள். கோளாறு வரும்போது போனில் பதிவு செய்த சத்தம் இருந்தால் அதையும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபிளையும் அடாப்டரையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.